சோழிங்கநல்லூரா, சரவணம்பட்டியா?

திருப்பூரில் இருந்துகொண்டு, 60 லட்சத்துக்கு சென்னை சோழிங்கநல்லூரில் பழைய ஃபிளாட்டா, 65 லட்சத்துக்கு கோவை சரவணம்பட்டியில் இரண்டு போர்ஷன் வீடா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன வாடகையையே வைத்துப் பார்ப்போம்.

ஃபிளாட் 18,000. வருடத்தில் ஒரு மாதம் காலி என்றால் 1,98,000. பராமரிப்பு 42,000, வீட்டு வரி 6,000 போனால் கையில் 1.5 லட்சம். பத்திரச் செலவு 9 விழுக்காட்டையும் சேர்த்தால் முதலீடு 65.4 லட்சம், வருமானம் 2.3 விழுக்காடுதான். சரவணம்பட்டியில் போர்ஷனுக்கு 12,000. அதே ஒரு மாதக் காலி, அதே பத்திரச் செலவு என்று வைத்து, வரி, வெள்ளையடிப்புக்கு 24,000 ஒதுக்கினாலும் 3.4 விழுக்காடு வருகிறது. ஒரு போர்ஷன் காலியானாலும் மற்றது ஓடும்.

எனக்கும் சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு ஃபிளாட் உண்டு. ஏப்ரல் வந்தால் லாரித் தண்ணீருக்குத் தனி வசூல். வாடகைதாரர் முணுமுணுப்பார், நான்தான் கட்டுவேன். அதனால் போர் தண்ணீரை மே மாதத்தில் போய்ப் பாருங்கள், புரோக்கர் பேச்சை நம்பாமல்.

ஃபிளாட்தான் என்றால் யுடிஎஸ், அதாவது மனையில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள். கட்டடம் பழசாகும், விலை ஏறுவது மண்ணுக்குத்தான். என் ஓட்டு சரவணம்பட்டிக்கு. குழாய் ரிப்பேர் என்றால் திருப்பூரிலிருந்து காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போட்டுப் பார்த்தீர்களா?