எருக்குவியலுக்குள் கிடப்பது விரியன் குட்டியா?

கேள்வி: நுவரெலியாவில் கரட், லீக்ஸ் போடுகிறோம். எருக்குவியலைக் கிளறும்போதெல்லாம் பென்சில் தடிமனில் கபில நிறப் பாம்புகள் இரண்டு மூன்று வருகின்றன. விரியன் குட்டி என்று எல்லோரும் அடித்துப் போடுகிறார்கள். மருந்து தெளித்து விரட்டலாமா?

பதில்: வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் இடத்தையும் உருவத்தையும் பார்த்தால் அநேகமாக அது மெடில்லாதான். சிங்களத்தில் அப்படிச் சொல்வார்கள். அறிவியல் பெயர் ஆஸ்பிடூரா ட்ராக்கிப்ரோக்டா. இலங்கை மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. விஷமில்லை. மண்புழுதான் அதன் சாப்பாடு. எருவில் புழு இருக்கிறது, ஈரமும் இருக்கிறது, அதனால் வருகிறது. மருந்தடித்தால் முதலில் சாவது உங்கள் மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும் அந்தப் புழுக்கள்தான்.

நான் ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறேன். கடிக்கவே பார்க்கவில்லை. கூரான மூக்கால் விரலிடுக்கை முட்டி முட்டி மண்ணைத் தேடியது. வெயில் பட்டதும் கபில நிறச் செதில்களில் வானவில் ஓடியது. ஆண் பாம்புக்கு வாலடிச் செதில்கள் மட்டும் சொரசொரப்பாக இருக்கும்.

ஆனால் நான் எடுத்தேன் என்று நீங்கள் எடுக்காதீர்கள். மலைநாட்டில் கூர்மூக்கு விரியனும் உண்டு. குனகட்டுவா என்பார்களே, அதுதான். தலையைப் பாருங்கள். மெடில்லாவுக்குத் தலை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது, உடல் ஒரே சீராக இருக்கும். விரியனுக்கு அகன்ற முக்கோணத் தலை, ஒடுங்கிய கழுத்து, மேல்நோக்கித் தூக்கிய மூக்கு, கட்டையான உடல். அது குட்டி போடும். அதனால் குவியலில் வெள்ளை முட்டைகள் கிடந்தால் அவை அதனுடையவை அல்ல, அப்படியே மண்ணால் மூடிவிடுங்கள்.

சரி, வேலை நடக்க வேண்டுமே? பூட்ஸும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, குவியலை ஓரத்திலிருந்து மண் கிளறும் முள்ளால் மெதுவாகப் பிரியுங்கள். வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். மெடில்லா வந்தால் மண்ணோடு சேர்த்து மண்வெட்டியில் அள்ளி, நிழலான ஈர இடத்தில் விடுங்கள்.

எந்தப் பாம்பு கடித்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து கூர்மூக்கு விரியனின் விஷத்துக்கு வேலை செய்யாது. அந்த விஷம் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால், வீக்கம் கொஞ்சம்தானே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.