முதல் படிக்குக் கீழே ஒரு குட்டிப் படி: அது ஸ்பின்தானா?

கேள்வி: காலியம் ஆர்சனைடு மாதிரியில் பிளவு கேட் வைத்த குவாண்டம் பாயிண்ட் கான்டாக்டை (இரு கேட் மின்முனைகளுக்கு நடுவே எலக்ட்ரான்கள் செல்லும் மிகக் குறுகிய வழி) 4.2 கெல்வினில் அளக்கிறேன். கடத்துதிறன் படிகள் 1, 2, 3 என்று வராமல் 0.91, 1.69, 2.35 என்று வருகின்றன. முதல் படிக்குக் கீழே 0.65 அருகே இன்னொரு குட்டிப் படியும் தெரிகிறது. எலக்ட்ரான் ஸ்பினோடு (எலக்ட்ரானின் உள்ளார்ந்த சுழற்சிப் பண்பு) சேர்த்துப் பேசப்படும் '0.7' இதுதானா, அல்லது மாசு அணுவின் வேலையா? ஆய்வேட்டில் எப்படி எழுதுவது? (ஆய்வு மாணவி ஒருவர்)

பதில்: குட்டிப் படி இருக்கட்டும், முதலில் பெரிய படிகளைச் சரிசெய்யுங்கள். எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தை பிளாங்க் மாறிலியால் வகுத்து இரண்டால் பெருக்கினால் ஒரு படியின் உயரம், அதாவது நீங்கள் 1 என்று குறிப்பது, கிடைக்கும்: சுமார் 77.5 மைக்ரோ சீமென்ஸ். மின்தடையாகச் சொன்னால் 12,906 ஓம். அந்த இரண்டு எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு தடத்திலும் மேல் ஸ்பின், கீழ் ஸ்பின் என இரு வகை எலக்ட்ரான்களும் ஓடுவதால்தான். ஆக, ஸ்பின் உங்கள் முதல் படியின் உயரத்திலேயே இருக்கிறது. 1988-ல் டெல்ஃப்ட், கேம்பிரிட்ஜ் குழுக்கள் தனித்தனியே இந்தப் படிகளைக் கண்டபோது இந்த உயரம்தான் கிடைத்தது.

உங்கள் படிகள் இறங்கியிருப்பதற்குக் காரணம், குறுகிய வழியோடு தொடராக நிற்கும் தடை. 12,906-ஐ 0.91-ஆல் வகுத்து அதிலிருந்து 12,906-ஐக் கழியுங்கள். இரண்டாம் படியில் 1.69-ஆல் வகுத்து 6,453-ஐயும், மூன்றாவதில் 2.35-ஆல் வகுத்து 4,302-ஐயும் கழியுங்கள். மூன்றிலும் 1,200 ஓமை ஒட்டியே வருகிறது. ஒரே தடை எல்லாப் படிகளையும் நேராக்குவது நல்ல செய்தி. ஒவ்வொரு படிக்கும் வேறு தடை தேவைப்பட்டிருந்தால் மாதிரியையே சந்தேகப்படச் சொல்லியிருப்பேன். என் முதல் வருடத்தில், கிரையோஸ்டாட் (மாதிரியைக் குளிர்விக்கும் கலன்) கம்பியில் இருந்த வடிகட்டித் தடையைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டு வாரம் அலைந்திருக்கிறேன். அதனால் இந்த 1,200-ல் கம்பி எவ்வளவு, ஓமிக் தொடுப்பு (கம்பி மாதிரியோடு சேரும் இடம்) எவ்வளவு என்று தனியாக அளந்து குறித்து வையுங்கள்.

அதே 1,200-ஐக் கழித்தால் 0.65 என்பது 0.69 ஆகிறது. இப்போதுதான் உங்கள் கேள்விக்கே வருகிறோம்.

1996-ல் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தார் இந்த 0.7-ஐ விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதற்கு ஒரு விசித்திர குணம் உண்டு: வெப்பநிலை ஏற ஏற மற்ற படிகள் மழுங்கும், இது மட்டும் தெளிவாகும். குளிரவைத்தால் மெல்ல மங்கி, முதல் படியை நோக்கி ஏறிக் கலந்துவிடும். மாசு அணுவால் வரும் ஒத்ததிர்வு நேர் எதிர், சூட்டில் கரைந்துபோகும். எனவே 4.2-லிருந்து 1.5 கெல்வினுக்கு இறக்கி மறுபடி அளந்து பாருங்கள். இதற்குச் செலவும் குறைவு.

அடுத்து, இரண்டு கேட்டுகளுக்கும் சமமில்லாத மின்னழுத்தம் கொடுத்து வழியை ஒரு பக்கமாக நகர்த்துங்கள். ஒன்றில் 0.2 வோல்ட் கூட்டி, மற்றதில் அதே அளவு குறைத்தால் போதும். அப்புறம் மாற்றிக் கொடுத்தும் பாருங்கள். மாசு அணு இருந்த இடத்திலேயே இருக்கும், வழி மட்டும் விலகும். ஆகவே மாசு அணுவால் வந்த மேடு உருமாறும் அல்லது காணாமல் போகும். உண்மையான 0.7 ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கும். என்னைக் கேட்டால் இந்தச் சோதனை இல்லாத 0.7 வரைபடத்தை நான் நம்ப மாட்டேன்.

காந்தப்புலச் சோதனையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். புலத்தை மாதிரியின் தளத்துக்கு இணையாக வைத்து ஏற்றினால் 0.7 படிப்படியாக 0.5-க்கு இறங்க வேண்டும், அதாவது ஒரே ஸ்பின்னுக்கான படிக்கு. ஆனால் காலியம் ஆர்சனைடில் ஜி காரணி (காந்தப்புலம் இரு ஸ்பின்களையும் எவ்வளவு பிரிக்கும் என்பதைச் சொல்லும் எண்) அளவில் வெறும் 0.44. 10 டெஸ்லா கொடுத்தாலும் இரு ஸ்பின்களுக்கும் இடையே சுமார் 0.25 மில்லி எலக்ட்ரான் வோல்ட் இடைவெளிதான். 4.2 கெல்வினின் வெப்ப ஆற்றலே 0.36 மில்லி எலக்ட்ரான் வோல்ட். குறுகிய வழிகளில் ஜி காரணி சற்று உயரும் என்றாலும், இந்தச் சோதனையை 300 மில்லி கெல்வின் ஹீலியம்-3 கிரையோஸ்டாட்டில் செய்வதே நல்லது. அங்கே லாக்-இன் கருவியில் அளப்பதற்காக மாதிரிக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் குறைக்க மறக்காதீர்கள். 4.2 கெல்வினில் 100 மைக்ரோ வோல்ட் பரவாயில்லை. 300 மில்லி கெல்வினில் வெப்ப ஆற்றல் 26 மைக்ரோ வோல்ட்டுக்குச் சமம், அதனால் 10-ஐத் தாண்ட வேண்டாம். மாதிரி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் செங்குத்துப் புலம் உள்ளே வந்து எலக்ட்ரான் பாதைகளை வளைத்துவிடும். அப்போது படிகள் மாறுவதை ஸ்பின் என்று தவறாகப் படிக்க நேரும்.

சரி, எல்லாம் பொருந்தினால் என்ன எழுதுவது? "0.7 அமைப்பு காணப்பட்டது" என்று எழுதுங்கள், "ஸ்பின் தானாகத் துருவப்பட்டது நிரூபணமானது" என்று வேண்டாம். தன்னிச்சைத் துருவப்பாடு, அதாவது காந்தப்புலம் இல்லாமலே ஸ்பின்கள் ஒரே பக்கம் திரும்புவது, என்கிறது ஒரு விளக்கம். 2002-ல் பூஜ்ய மின்னழுத்தத்தருகே தெரிந்த உச்சத்தை வைத்து காண்டோ விளைவு (தனித்து நிற்கும் ஒரு ஸ்பின்னைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் மறைப்பது) என்றது இன்னொன்று. குறுகிய வழியில் கடக்க வேண்டிய ஆற்றல் மேட்டின் உச்சியில் எலக்ட்ரான்கள் மெதுவாகச் செல்வதால் அவற்றுக்கிடையேயான விலக்கம் வலுப்படுவதே காரணம் என்கிறது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். ஹீலியம் குறைவாக இருந்தால் முதலில் கேட் நகர்த்தல், பிறகு வெப்பநிலை, கடைசியில் காந்தப்புலம் என்ற வரிசையில் போங்கள். முதல் இரண்டையும் இதே குளிர்விப்பில், மாதிரியைச் சூடாக்காமல் முடித்துவிடுங்கள். அறை வெப்பநிலைக்குப் போய்த் திரும்பினால் மாசுகளின் மின்னூட்ட அமைப்பே மாறிவிடும், பழைய அளவீட்டோடு ஒப்பிட முடியாது.