எக்ஸ்ரே ஃபிரேமுக்குப் பேடண்ட் கிடைக்குமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் 12 வருடமாக எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கிறேன். மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முன் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மூன்று படம் எடுத்து கம்ப்யூட்டரில் ஒட்டுவோம். ஒட்டும்போது கொஞ்சம் விலகினாலும் காலின் வளைவு தப்பாகத் தெரியும். அதற்காக இரண்டு அக்ரிலிக் பட்டைகளில் சைக்கிள் பால்ஸ் (சின்ன இரும்புக் குண்டுகள்) பதித்து ஒரு ஃபிரேம் செய்தேன். ஒரு பட்டை காலுக்கு முன்னால், இன்னொன்று பின்னால். கால் பருமனுக்கு ஏற்பப் பட்டைகளை விலக்கினால், சரிவான காடியில் (நீளப் பள்ளத்தில்) இருக்கும் ஒரு குண்டு பக்கவாட்டில் நகரும். படத்தில் அது நிற்கும் இடத்தை வைத்தே இடைவெளி எவ்வளவு என்று சொல்லிவிடலாம். படங்களைப் பொருத்தும் புரோகிராமை அக்கா மகன் எழுதினான். ஐந்து மாதத்தில் ஏழெட்டுப் பேருக்குப் பயன்படுத்திப் பார்த்தேன். அடுத்த மாதம் நாகர்கோவிலில் எலும்பு டாக்டர்கள் கூட்டத்தில் காட்டச் சொல்கிறார் எங்கள் டாக்டர். மருத்துவ விஷயத்துக்குப் பேடண்டே கிடையாது என்கிறார் ஒருவர். சென்டரில் வைத்துச் செய்ததால் தனக்கே சொந்தம் என்கிறார் முதலாளி. துபாயில் இருக்கும் அண்ணன் அங்கேயே பதிந்துவிடலாம் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, விண்ணப்பம் போடும்வரை அந்தக் கூட்டத்தில் ஃபிரேமைக் காட்டாதீர்கள். டாக்டரிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். விண்ணப்பத் தேதிக்கு முன் உலகத்தில் எங்காவது வெளிப்பட்ட ஒன்று நம் சட்டத்தில் புதியது ஆகாது. அதை வெளியிட்டவர் நீங்களே என்றாலும் அப்படித்தான். அறிஞர் சபையில் கண்டுபிடித்தவரே கட்டுரை வாசித்தால் 12 மாத அவகாசம் உண்டு என்று 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமை (பேடண்ட்) சட்டத்தின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. அதை நம்பி இறங்க வேண்டாம். உங்களுக்குப் பதில் டாக்டர் பேசினால் என்ன ஆகும்? யாராவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால்? அப்போது அந்தப் பிரிவு உங்களைக் காக்கும் என்று என்னால் உறுதி தர முடியாது.

கூட்டத்துக்கு முன்பே தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பை விளக்கும் முதல் கட்டக் குறிப்பு) ஒரு விண்ணப்பம் போட்டுவிடலாம். தனிநபர் ஆன்லைனில் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். நம் மாவட்டம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் எல்லையில் வருகிறது, ஆனால் அதற்காக நாகர்கோவிலில் ரயில் ஏற வேண்டியதில்லை. அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். அந்தத் தேதி கையில் வந்தபின் தாராளமாகக் கூட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள். ஆனால் தற்காலிகக் குறிப்பில் எழுதாததை மேடையில் சொல்லிவிடாதீர்கள், அதற்கு அந்தத் தேதி உதவாது.

ஏழெட்டுப் பேருக்குப் பயன்படுத்தியது பற்றி. பொதுவில் வைத்துத்தான் சோதிக்க முடியும் என்ற நிலையில், விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் நியாயமான சோதனைக்காக மட்டும் பயன்படுத்தியிருந்தால் 32-ஆம் பிரிவு காப்பாற்றும். எனக்குக் கவலை தருவது நோயாளிகள் கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோன ஃபிலிம்தான். அதில் உங்கள் குண்டுகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். வெறும் புள்ளிகளைப் பார்த்து, ஒரு குண்டு சரிவுக் காடியில் ஓடுகிறது என்று யாரும் கண்டுபிடித்துவிட முடியாது என்பது என் வாதமாக இருக்கும். எந்தத் தேதியில் எத்தனை படம், எதைச் சரிபார்க்க எடுத்தது என்று நோட்டில் எழுதி வையுங்கள். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஃபிரேமைச் சோதிப்பதற்கென்று எந்த நோயாளிக்கும் ஒரு எக்ஸ்ரேகூட அதிகமாக எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் எலும்பு மாதிரியை வைத்துச் செய்யுங்கள்.

மருத்துவத்துக்குப் பேடண்ட் இல்லை என்பது பாதிதான் உண்மை. 3(ஐ) பிரிவு தடுப்பது மனிதருக்கான சிகிச்சை, அறுவை, நோயறிதல் முறைகளை. கருவியை அது தொடவில்லை. ஆகவே "முழங்கால் வளைவைக் கண்டறியும் முறை" என்று உரிமை கோரினால் விண்ணப்பத்தைப் பார்க்கும் காப்புரிமைப் பரிசோதகர் அந்தப் பிரிவைக் காட்டி நிறுத்திவிடுவார். "இரண்டு பட்டைகளும், அவற்றை விலக்கும்போது காடியில் நகரும் குண்டும் கொண்ட சாதனம்" என்று கோருங்கள். 2023 அக்டோபரில் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இந்தப் பிரிவை விரிவாக அலசியது. உடலுக்கு வெளியே செய்யும் சோதனையும் நோயறிதல் ஆகலாம், ஆனால் அந்த முறை தானே நோயை வெளிப்படுத்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். படங்களை நேராகப் பொருத்துவதில் எந்த நோயும் வெளிப்படுவதில்லை. அதனால் பொருத்தும் முறைக்கும் வாதாட இடம் இருக்கிறது, ஆனாலும் சாதனத்தை முன்னால் நிறுத்துங்கள்.

உண்மையான சோதனை "இது புதிதா" என்ற இடத்தில்தான் வரும். குண்டு வைத்து அளப்பது பழைய சங்கதி. படம் பதியும் கேசட் எக்ஸ்ரே குழாயிலிருந்து 180 செ.மீ. தூரத்தில் இருந்து, குண்டு அதற்கு 20 செ.மீ. முன்னால் இருந்தால், 6.35 மி.மீ. சைக்கிள் பால் படத்தில் சுமார் 7.14 மி.மீ. ஆகத் தெரியும். அதை வைத்து எலும்பின் நிஜ அளவைக் கணக்கிடுவது எலும்பு டாக்டர்களுக்குப் பழகிய வேலை. இரண்டு தளங்களில் குண்டு பதிப்பதும் புதிதல்ல. ஸ்வீடனில் யோரான் செல்விக் 1974-இலேயே தம் ஆய்வேட்டில் டாண்டலம் என்ற உலோகக் குண்டுகளையும் அளவீட்டுக் கூண்டையும் வைத்து எக்ஸ்ரேயில் அளக்கும் முறையை எழுதிவிட்டார். சரிவைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிப்பதும், 1978-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் பிரவுன் உருவாக்கிய 'என்' வடிவக் கம்பிச் சட்டகத்தில் இருக்கிறது. சி.டி. படத்தில் சாய்ந்த கம்பியின் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்த வெட்டு எந்த உயரத்தில் என்று அது சொல்லும். பரிசோதகர் இவற்றை எடுத்து வைப்பார் என்று எதிர்பார்த்தே எழுத வேண்டும்.

பிரவுனின் கம்பி அசையாது. உங்கள் குண்டு பட்டையோடு சேர்ந்து ஓடி, இடைவெளியைப் படத்திலேயே எழுதிவிடுகிறது. கால் பருத்த ஆளுக்கும், மெலிந்த ரப்பர் வெட்டுத் தொழிலாளிக்கும் ஸ்கேல் வைத்து அளக்காமல் ஒரே ஃபிரேம் போதும். உங்கள் கண்டுபிடிப்பு அதுதான். தெரிந்த பொருட்களை அடுக்கி வைத்தால் 3(எஃப்) பிரிவு தடுக்கும். பட்டை நகர்வதால் குண்டு நகர்கிறது, குண்டு நகர்வதால் கணக்கு சரியாகிறது என்று ஒன்றுக்கொன்று வேலை செய்வதைக் காட்டினால் அந்தத் தடையைத் தாண்ட வழி உண்டு. காடியின் கோணம், குண்டுகளின் இடைவெளி, ஃபிரேம் வைத்தும் வைக்காமலும் ஒட்டிய படங்களில் எவ்வளவு பிழை என்பதை எண்ணாகக் கொடுங்கள். காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலும் கூகுள் பேடண்ட்ஸிலும் இலவசமாகத் தேடலாம். இரண்டு இரவு செலவழித்துத் தேடிவிடுங்கள்.

அக்கா மகனின் புரோகிராம் தனியாக நின்றால் 3(கே) பிரிவு தடுக்கும். நிரல் வரிகளுக்கு அவனுக்குப் பதிப்புரிமை உண்டு. காடி யோசனையில் அவனுக்குப் பங்கு இருந்தால் அவனும் கண்டுபிடிப்பாளர், பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும். வேறு எழுத்து இல்லாவிட்டால் இணை உரிமையாளர்களுக்குச் சம பங்கு, ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் யாருக்கும் உரிமம் கொடுக்க முடியாது. நீங்கள் வரைந்து கொடுத்தபடி அக்ரிலிக் வெட்டிக் கொடுத்த கடைக்காரர் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார்.

முதலாளி சொல்வது சட்டம் அல்ல. ஊழியர் கண்டுபிடித்தது தானாக முதலாளிக்குப் போகும் என்று காப்புரிமைச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. உண்மையான முதல் கண்டுபிடிப்பாளர் நீங்கள், விண்ணப்பிக்கும் உரிமையும் உங்களுடையது. வேலை உத்தரவில் கண்டுபிடிப்பு பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் நகல் அனுப்புங்கள், வாசித்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அண்ணனின் யோசனை வேண்டாம். இந்தியாவில் வசிப்பவர் இங்கே அனுமதி வாங்காமலோ, இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் கழியாமலோ வெளிநாட்டில் பதிய 39-ஆம் பிரிவு தடை போடுகிறது. மீறினால் இங்குள்ள விண்ணப்பமும் கைவிடப்பட்டதாகிவிடும்.

நம் மட்டி வாழைக்கு 2023-இல் கிடைத்த புவிசார் குறியீடு மாதிரிதானே இது என்று சிலர் கேட்கிறார்கள். அது ஊருக்குச் சொந்தமான பெயர். இது 20 வருடத்துக்கு உங்களுக்கு மட்டும் சொந்தம்.

பெண் விண்ணப்பதாரர் என்பதால் விண்ணப்பத்துக்கு விரைவுப் பரிசோதனையும் கேட்கலாம், தனிநபருக்குக் கட்டணம் 8,000 ரூபாய். சாதாரணப் பரிசோதனை என்றால் 4,000 ரூபாய், 31 மாதத்துக்குள் கேட்டால் போதும். விற்பனைக்குச் செய்யத் தொடங்கும்போது 2017-ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும், பேடண்ட் கிடைத்தாலும் அது விற்பனை அனுமதி ஆகாது. முழு விவரக்குறிப்பைப் பதிவுபெற்ற காப்புரிமை முகவரிடம் எழுதச் சொல்லுங்கள். தற்காலிகக் குறிப்பை இந்த வாரமே நீங்களே தொடங்கலாம். ஃபிரேமின் படத்தை மூன்று கோணத்தில் வரைந்து, ஒவ்வொரு குண்டுக்கும் எண் போட்டு, காடி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு புது டெக்னீஷியனுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் எழுதிவிடுங்கள்.