26 சதவீதம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் என் பெயரிலேயே தேங்காய் எண்ணெய் ஆலை நடத்துகிறேன். சரக்கு பாலக்காட்டுக்கும் கோவைக்கும் போகிறது. புது மெஷின்களுக்காகக் கோவைக்காரர் ஒருவர் 40 லட்சம் போடத் தயார். நான் 25 சதவீதப் பங்கு என்றேன், அவர் 26 கேட்கிறார். ஒரு சதவீதம்தானே, ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பணக்கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. 25 என்றால், அவர் பணமும் சேர்ந்து நிறுவனத்தின் மதிப்பு 1.60 கோடி, 26 என்றால் சுமார் 1.54 கோடி. சிக்கல் ஓட்டில் இருக்கிறது. கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற, எதிர்ப்பு ஓட்டைப்போல ஆதரவு மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 75-க்கு 25, சரியாக மூன்று மடங்கு, தீர்மானம் பாஸ். 74-க்கு 26 என்றால் நின்றுபோகும். கம்பெனி விதிகளை மாற்றவும், நாளைக்கு வேறொரு முதலீட்டாளரைச் சேர்க்கவும் இந்தத் தீர்மானம் வேண்டும். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. பணம் போடுகிறவர் பிடி தேடத்தான் செய்வார். 25-க்கு இறங்கி வந்தாலும், 'என் சம்மதமில்லாமல் இவற்றைச் செய்யக்கூடாது' என்று ஒப்பந்தத்தில் ஒரு பட்டியல் வைப்பார். அதை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. தனி ஆள் பெயரில் நடக்கும் தொழிலில் பங்கு ஒதுக்கவே முடியாது. முதலில் பிரைவேட் லிமிடெட் ஆக்க வேண்டும், அதற்குக் குறைந்தது இரண்டு உறுப்பினர்கள் தேவை. வீட்டில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். பான், ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாம் கம்பெனி பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். பங்கு விலைக்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும்.

பங்குப் பணத்தை ரொக்கமாக வாங்கவே கூடாது. தனி வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வந்த 60 நாளில் பங்கை ஒதுக்கி, அடுத்த 15 நாளில் கம்பெனிப் பதிவாளரிடம் அதற்கான படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் முடியும்வரை அந்தப் பணத்தைத் தொடக்கூடாது, மெஷினுக்கு அட்வான்ஸ்கூட!

அப்புறம், 40 லட்சமும் அவரிடமே வாங்கித்தான் ஆக வேண்டுமா? சிறு உணவுத் தொழில்களுக்கான பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் வங்கிக் கடனோடு 35 சதவீத மானியம் உண்டு, உச்சவரம்பு 10 லட்சம். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று பாலக்காடு மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். 10 லட்சம் அந்த வழியில் திரண்டால் அவரிடம் 30 போதும். இப்போதைய ஆலையை, 25 சதவீதக் கணக்கில் வந்த 1.60 கோடியில் அவருடைய 40 லட்சம் போக மீதியான அதே 1.20 கோடிக்கு மதிப்பிட்டால், அவருக்குப் போவது 20 சதவீதம்தான்.