பரணில் குடியேறிய சாக்குருவியை விரட்டலாமா?

கேள்வி: எங்களுடையது திருவாரூர் பக்கம், வயலை ஒட்டிய பழைய ஓட்டு வீடு. பின்கட்டுப் பரணில் வெள்ளை முகத்தோடு ஓர் ஆந்தை இரண்டு மாதமாகத் தங்கியிருக்கிறது. இருட்டினால் கிறீச்சென்று அலறுகிறது. இப்போது ஒரு வாரமாகப் பரணுக்குள் பாம்பு சீறுவது போலவும், யாரோ குறட்டை விடுவது போலவும் சத்தம் வருகிறது. நாற்றம் வேறு. என் அத்தை (மாமியார்) இதய நோயால் படுக்கையில் இருக்கிறார். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "சாக்குருவி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதே" என்று பேசியது அவர் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. ஒருவர், பணம் கொடுத்தால் பிடித்துக்கொண்டு போகிறேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தச் சீறலுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றிரவே அத்தையிடம் நீங்கள் சொல்ல வேண்டியது அதுதான். பரணில் பாம்பு இல்லை. குஞ்சுகள் பொரித்திருக்கின்றன. பசி எடுத்தால் அவை அப்படித்தான் சீறும். இரை வரும்வரை குறட்டை மாதிரி இழுத்து இழுத்துச் சத்தம் போடும். பொழுது சாய்ந்ததும் ஆரம்பிக்கும். நீங்கள் சொல்லும் கணக்கும் சரியாக வருகிறது: இந்தப் பறவை முட்டையிட்டு ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் பறக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும்.

நீங்கள் எழுதிய அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இது கூகை. இதய வடிவத்தில் வெள்ளை முகம், கருகருவென்ற கண்கள், நீண்ட கால்கள். எடை அரைக் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். சாக்குருவி என்று நம் ஊரில் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

சாவோடு இதை ஏன் சேர்த்தார்கள் என்று பல வருடங்களாக யோசித்திருக்கிறேன். ஆள் நடமாட்டம் இல்லாத, இருட்டான பொந்து இதற்கு வேண்டும். பாழடைந்த மண்டபம், கோபுரத்து மாடம், சுடுகாட்டு ஓரத்து ஆலமரம் எல்லாம் அப்படித்தான் இதன் வீடாயின. குரல் வேறு ஈரக்குலையை நடுங்க வைக்கும். இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது. கூகை எல்லா வீட்டுக் கூரை மேலும்தான் கத்திக்கொண்டு போகிறது. தூங்குகிறவர்களுக்கு அது கேட்பதில்லை. நோயாளியின் பக்கத்தில் நடுராத்திரி விழித்திருக்கிற வீட்டாருக்கு மட்டும் கேட்கிறது. மறுநாள் அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால், ராத்திரி கேட்ட குரல் ஊர் முழுக்க நினைவில் நிற்கிறது. கத்திவிட்டுப் போய் ஒன்றும் நடக்காத ஆயிரம் இரவுகளை யாரும் கணக்கில் வைப்பதில்லை. நோயாளிக்காக இரவெல்லாம் எரியும் விளக்கில் பூச்சிகள் மொய்க்கும். அவற்றைப் பிடிக்கச் சின்னப் புள்ளி ஆந்தையும் வந்து உட்காரும். பழி அதற்கும் சேர்ந்தே போகும்.

வங்காளத்தில் இதே வெள்ளை முகப் பறவைக்கு லட்சுமி பேஞ்சா என்று பெயர். 'பேஞ்சா' என்றால் ஆந்தை. லட்சுமியின் வாகனம், வீட்டுக்கு வந்தால் நல்ல சகுனம் என்பது அவர்கள் நம்பிக்கை. பறவை ஒன்றுதான், குரலும் அதே குரல்தான். அத்தையிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். பயந்திருக்கிற மனதுக்கு, 'அது மூடநம்பிக்கை' என்று யாராவது அதட்டுவதைவிட இது இதமாக இருக்கும்.

சரி, அது ஏன் உங்கள் வீட்டுக்கு வந்தது? பரண் இருட்டாக இருக்கிறது, அங்கே யாரும் ஏறுவதில்லை, சுற்றிலும் எலி இருக்கிறது. கதிர் இன்னும் பொதியில் (இலையுறைக்குள்) இருக்கும்போது வரப்பு வளையிலிருந்து எலி வந்து தூரைக் கடித்துப் போடுவதையும், முற்றிய கதிரை வெட்டி வளைக்குள் சேர்ப்பதையும் டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கூகைக்கு ஏறக்குறைய முழுச் சாப்பாடே வயல் எலி, சுண்டெலி, மூஞ்சூறுதான். வளர்ந்த பறவை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு இரண்டு மூன்று சிறிய எலி வேண்டும். நாலைந்து குஞ்சு இருந்தால் தாயும் தகப்பனும் இரவெல்லாம் இரை சுமக்க வேண்டும். அதன் காதுகளில் ஒன்று சற்று மேலேயும் மற்றது சற்றுக் கீழேயும் அமைந்திருக்கின்றன. எலி அசையும் சத்தம் இரண்டு காதிலும் வேறு வேறு மாதிரி விழுவதை வைத்தே, கும்மிருட்டிலும் இரை இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கண்டுகொள்ளும். இறகு ஓரம் சீப்புப் பல் போல இருப்பதால் பறக்கும் ஓசை எலிக்குக் கேட்காது. மலேசியாவில் செம்பனை (பாமாயில் தரும் பனை) தோட்டங்களில் எலிக்காகவே பெட்டி கட்டிக் கூகையைக் குடிவைக்கிறார்கள். இஸ்ரேலில் 1983இலிருந்து வயல்களில் இதற்குக் கூடு வைத்து வருகிறார்கள். நம் வேளாண்மைத் துறை வயலில் டி வடிவக் குச்சி நடச் சொல்வதும் ஆந்தை வந்து உட்காரட்டும் என்றுதான்.

இது நமக்குப் புதிய செய்தியும் இல்லை. சங்கப் பாட்டு ஒன்றில் தோழி ஒருத்தி ஊர் வாயில் மரத்துக் கூகையைக் கெஞ்சுகிறாள்: நீ அலறி ஊரை எழுப்பாதே, உனக்குச் சுட்ட எலி தருகிறோம் என்று. காதலன் வரும் நேரம் வீட்டார் விழித்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை. அவளுக்கு இந்தப் பறவையின் சாப்பாடு தெரிந்திருந்தது.

உங்கள் கஷ்டத்தை நான் சிறிதாக்கவில்லை. நாற்றமும் சத்தமும் உண்மையானவை, நோயாளி இருக்கும் வீட்டில் அவை பெரிய தொல்லைதான். அதனால், இப்படிச் செய்யுங்கள். அத்தையின் கட்டிலை முன்கட்டுக்கு மாற்றுங்கள். மின்விசிறி ஓடினாலே சீறல் பெரும்பாலும் அமுங்கிப்போகும். பரணுக்குக் கீழே பழைய தார்ப்பாய் ஒன்றை விரித்துவையுங்கள். எச்சத்தோடு கட்டைவிரல் பருமனில் கருஞ்சாம்பல் உருண்டைகளும் விழும். விழுங்கிய எலியின் மயிரையும் எலும்பையும் கூகை அப்படி உருட்டிக் கக்கும். அள்ளும்போது கையுறையும் முகக்கவசமும் வேண்டும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு அள்ளுங்கள், காய்ந்த தூசி பறக்க வேண்டாம். குஞ்சு இருக்கும்வரை பரணில் ஏறாதீர்கள். தாய்ப் பறவை நகத்தால் கீறிவிடும்.

பயந்துபோய் எலி மருந்து மட்டும் வைத்துவிடாதீர்கள். புரோமடியோலோன் கலந்த வில்லையைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும், கூகைக்கு முதலில் சிக்குவது அதுதான். அந்த விஷம் தாய் வழியாகக் குஞ்சுக்கும் போகும். எலி அதிகமாக இருந்தால் கிட்டி (எலிப்பொறி) வைத்துப் பிடியுங்கள்.

குஞ்சு கீழே விழுந்தால் பாலோ சோறோ ஊட்ட வேண்டாம். பகலில் காக்கை கொத்திவிடும் என்பதால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். இருட்டியதும், முடிந்தால் தடித்த துணியால் பிடித்துப் பரண் விளிம்பில் விட்டுவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் பொறுக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். இப்போது ஓட்டைப் பிரித்து விரட்டினால் குஞ்சுகள் உள்ளேயே செத்து நாறும். இந்த நாற்றத்தைவிட அது மோசம். பறக்கக் கற்றபின் சீறல் நின்றுவிடும். அதற்கு முன்பே, வீட்டிலிருந்து தள்ளி ஒரு மரத்திலோ களத்துக் கொட்டகையிலோ, பதினைந்து அடி உயரத்தில் ஒரு மரப்பெட்டி கட்டுங்கள். இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் போதும். ஒரு சாண் வாய் விட்டு, வாயைப் பெட்டியின் மேல் பாதியில் வையுங்கள், குஞ்சு தவறி விழாது. சத்தம் நின்று ஒரு வாரம் கழித்து, எல்லாம் வெளியே பறந்த பிறகு, இருட்டில் பரணின் திறப்பைக் கம்பிவலையால் அடைத்துவிடுங்கள். உள்ளே எதுவும் சிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அடையுங்கள்.

பிடித்துத் தருகிறேன் என்றவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பிடிபடும் கூகைகள் மாந்திரீகத்துக்கு விலைபோகின்றன; தீபாவளி நெருங்கினால் வடக்கே இந்த வியாபாரம் கூடுகிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். அவர் மறுபடி வந்தால் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள்.

அத்தைக்கு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ கூடினால் கூகையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். இரவில் தூக்கம் இல்லாததை அவருடைய மருத்துவரிடமும் சொல்லுங்கள். சாயங்காலம் விழுந்திருக்கும் உருண்டை ஒன்றை நனைத்துக் குச்சியால் பிரித்து, உள்ளே இருக்கும் எலி மண்டையோட்டை அவருக்குத் தூரத்திலிருந்து காட்டுங்கள். பரணில் இருக்கும் பறவை யாரைத் தேடி வந்தது என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.