ஞாயிறு மறைக்கல்வி போதாதா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எங்கள் மகளுக்கு ஐந்து வயது. அடுத்த ஆண்டு முதல் வகுப்பு. கத்தோலிக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அது தூரம். பக்கத்திலேயே வேறு நல்ல பள்ளி இருக்கிறது. என் கணவர் கேட்கிறார்: "கணக்குக்கும் அறிவியலுக்கும் மதம் ஏது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு நடக்கிறதே, அது போதாதா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இத்தனைக்கும் நாங்கள் இருவருமே கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர்கள். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் இன்று கோயில் பக்கமே வருவதில்லை. அப்படியானால் அந்தப் பன்னிரண்டு வருடப் படிப்பு எதற்கு? பள்ளி விசுவாசத்தைத் தருமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தராது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். தரும் என்று திருச்சபையும் சொன்னதில்லை. 1965 அக்டோபர் 28 அன்று, உலகெங்கிலுமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோர்தான் என்கிறது. பள்ளி அவர்களுக்குத் துணை. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 798-ஆவது சட்டத்தைப் பாருங்கள்: கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள், முடியாவிட்டால் அந்தக் கல்வி பள்ளிக்கு வெளியே கிடைக்க வழி செய்யுங்கள் என்கிறது. ஆகவே பக்கத்துப் பள்ளியில் சேர்த்தால் பாவம் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள்.

சரி, உங்கள் கணவரின் கேள்விக்கு வருவோம். கணக்குக்கு மதம் இல்லை என்பது சரிதான். ஆனால் கணக்கு நடக்கும் அறையில் கணக்கு மட்டும் நடப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறது. எல்லோரும் நல்லவர்களாக இருக்கும் ஒரு மணி நேரம் அது. வீட்டுக்கு வந்ததும் உடுப்பை மடித்து வைப்பதுபோல அதையும் மடித்து வைத்துவிடலாம். செவ்வாய்க்கிழமை அப்படியில்லை. யாரோ பென்சிலைத் திருடிவிட்டார்கள், யாரோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டார்கள், ஒருத்தி தேர்வில் தோற்று அழுகிறாள். காலையில் செபம் சொல்லிக்கொடுத்த அருட்சகோதரி மதியம் தவறான பிள்ளையைத் திட்டிவிடுகிறார். தெரிந்ததும் அந்தப் பிள்ளையிடம் வந்து மன்னிப்புக் கேட்கிறாரா? கேட்டால் அன்றைய மறைக்கல்வி முடிந்தது. கேட்காவிட்டாலும் முடிந்ததுதான், பாடம் மட்டும் வேறு.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் ஏழைப் பையன்களுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கியவர் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால். அவருடைய பள்ளிகளில் தினமும் மறைக்கல்வி உண்டு. என்னைக் கவர்ந்தது அதுவல்ல. வகுப்புக்கு நடுவே வேலையை நிறுத்திவிட்டு, "நாம் கடவுளின் திருமுன் இருக்கிறோம் என்பதை நினைவில் கொள்வோம்" என்று சொல்லும் வழக்கம் அந்த மரபில் உண்டு. அப்புறம் விட்ட இடத்திலிருந்து பெருக்கல் தொடரும். கடவுளைக் கோயிலில் மட்டும் சந்தித்த பிள்ளைக்கும், பெருக்கல் கணக்கின் நடுவில் சந்தித்த பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு என்று நினைக்கிறேன். நல்ல கத்தோலிக்கப் பள்ளி கூடுதலாகத் தருவது இவ்வளவுதான். ஆனால் ஒரு மணி நேர ஞாயிறு வகுப்பால் இதைத் தர முடியாது.

கெட்ட கத்தோலிக்கப் பள்ளியும் உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை. நான் படித்த ஒன்றில் (பெயர் எதற்கு?) வெள்ளிக்கிழமைதோறும் பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தை ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் விட்டால் பிரம்பு. பாவத்துக்காகக் கடவுளிடம் மனஸ்தாபப்பட வேண்டிய நான், பிரம்பு வைத்திருந்தவர் மேல் மனஸ்தாபப்பட்டதுதான் மிச்சம். அது தீரப் பல வருடங்கள் ஆயின. இளைஞர்களை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று சலேசிய சபையை நிறுவிய புனிதர் தொன் போஸ்கோ 1884-இல் ரோமிலிருந்து தம் சபையினருக்கு எழுதினார். எங்கள் பள்ளிச் சுவரில் அவர் படம் மாட்டியிருந்தது. கடிதத்தைத்தான் யாரும் படிக்கவில்லை போலும்.

அதே பள்ளியில் ஒரு கணக்கு ஆசிரியரும் இருந்தார். மதிய இடைவேளையில் கையில் சுண்ணக்கட்டித் தூசியோடு சிற்றாலயத்துக்குள் போவார், ஐந்து நிமிடம் மண்டியிட்டு இருப்பார், வெளியே வந்து விடுவார். எங்களை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவ்வளவு பெரிய மனிதருக்கும் யாரிடமோ கேட்க வேண்டியது இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டேன். பிரம்பையும் தாண்டி நான் இன்னும் திருப்பலிக்குப் போவதற்கு அவரும் ஒரு காரணம். இன்றைய மனிதன் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே அதிகம் செவிகொடுக்கிறான் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் சொன்னதைப் படித்தபோது எனக்கு அந்தக் கணக்கு ஆசிரியரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

உங்களோடு படித்த பாதிப் பேர் பற்றி. அமெரிக்காவில் ஆண்ட்ரூ க்ரீலி என்ற குருவும் பீட்டர் ராசி என்ற சமூகவியலாளரும் கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்துப் பெரியவர்களானவர்களை ஆராய்ந்து 1966-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பக்தி மிகுந்த வீடுகளிலிருந்து வந்தவர்களிடம் பள்ளியின் தாக்கம் நன்றாகத் தெரிந்தது. மற்றவர்களிடம் மிகக் குறைவு. வீட்டில் இருப்பதைப் பள்ளி பெருக்கும். பூஜ்ஜியத்தைப் பெருக்கினால் என்ன வரும் என்பதை உங்கள் கணவரிடமே கேளுங்கள். கணக்கில் ஆர்வமுள்ளவர் போலிருக்கிறது.

அதனால் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்தாலும் ஞாயிறு வகுப்பை நிறுத்த வேண்டாம். பள்ளியின் சமய வகுப்பும் மறைக்கல்வியும் ஒன்றல்ல என்று 1988-ஆம் ஆண்டின் வத்திக்கான் ஆவணம் ஒன்று தெளிவாகவே பிரிக்கிறது. வகுப்பறை அறிவைத் தரும். விசுவாசம் வளர்வது பங்குக் கோயிலிலும் குடும்பத்திலும்தான். முதல் நன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்குவதற்கு, மகளைத் தயாரிக்கும் வேலையைப் பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் இருவரும் ஓய்வெடுக்க முடியாது.

எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. போகவர இரண்டு மணி நேரம் என்றால் பிள்ளை இரவுச் செபத்துக்கு முன்பே தூங்கிவிடும். நானாக இருந்தால் பக்கத்துப் பள்ளியிலேயே சேர்ப்பேன். அரை மணி நேரம்தான் என்றால், சேர்க்கும் முன் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வேலைநாளில் இடைவேளை நேரத்தில் அங்கே போய் நில்லுங்கள். தேர்ச்சி விகிதத்தை எல்லோரும் கேட்கிறார்கள், அதை விடுங்கள். விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட பிள்ளை யாரிடம் ஓடுகிறது என்று பாருங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.