50 கோடு வெர்னியர்: எந்தக் கோட்டை எடுப்பது?

கேள்வி: ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் பார்த்த வெர்னியர் காலிபரில் (மி.மீ.யின் சிறு பகுதியையும் அளக்கும் கருவி) நகரும் வெர்னியர் ஸ்கேலில் 10 கோடுதான், சுலபமாகப் படித்துவிடுவேன். இங்கே 50 கோடு. 24.34 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 24.17 என்று எழுதித் திட்டு வாங்குகிறேன். அதிலும் பக்கத்துப் பக்கத்தில் மூன்று கோடுகள் மெயின் ஸ்கேல் (நகராத முதன்மை அளவுகோல்) கோடுகளுக்கு நேராக நிற்பதுபோலவே தெரிகிறது. எதை எடுப்பது?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 17-வது கோட்டைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். அதை 0.02-ஆல் பெருக்காமல் அப்படியே புள்ளிக்குப் பின்னால் எழுதிவிட்டீர்கள், அவ்வளவுதான். பள்ளிக் காலிபரில் 9 மி.மீ. நீளத்தை 10 பாகமாகப் பிரித்திருப்பார்கள், மீச்சிற்றளவு (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) 0.1 மி.மீ., 7-வது கோடு நேராக நின்றால் 0.7 என்று எண்ணியதையே எழுதலாம். அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாருகிறது. உங்கள் கையில் இருப்பதில் 49 மி.மீ.யை 50 பாகமாக்கியிருக்கிறார்கள். ஒரு பாகம் 0.98 மி.மீ., மெயின் ஸ்கேலின் 1 மி.மீ.யோடு வித்தியாசம் 0.02. ஆக 17 × 0.02 = 0.34, மெயின் ஸ்கேலில் படித்த 24-உடன் சேர்த்தால் 24.34.

ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கோடு எண்ணவும் வேண்டாம். வெர்னியரில் 5 கோட்டுக்கு ஒரு முறை 1, 2, 3 என்று எண் இருக்கும், அதெல்லாம் 0.1, 0.2, 0.3. எண் 3-ஐத் தாண்டி இரண்டாவது கோடு நிற்கிறதா, 0.30-உடன் 0.04.

மூன்று கோடுகள் நேராகத் தெரிவது எல்லோருக்கும் வரும் சிக்கல். சந்தேகமான கோட்டை முறைத்துப் பார்க்காதீர்கள், அதன் இரு பக்கத்துக் கோடுகளைப் பாருங்கள். நடுக்கோடு சரியானது என்றால் இடப்பக்க வெர்னியர் கோடு கொஞ்சம் வலப்பக்கமாகவும், வலப்பக்கக் கோடு அதே அளவு இடப்பக்கமாகவும், இரண்டும் நடுவை நோக்கி நகர்ந்து நிற்கும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக விலகியிருந்தால் நீங்கள் ஒரு கோடு தள்ளி எடுத்திருக்கிறீர்கள். கண் ஸ்கேலுக்கு நேர் மேலே இருக்க வேண்டும், சாய்ந்து பார்த்தால் அந்தக் கோணமே ஒரு கோட்டை மாற்றிக் காட்டிவிடும்.

அப்புறம், அளக்கும் முன் தாடைகளை மூடிப் பாருங்கள். வெர்னியரின் சுழிக்கோடு (0) மெயின் ஸ்கேல் சுழிக்கு வலப்பக்கம் தள்ளி 2-வது கோடு நேராக நின்றால் பிழை +0.04, அளவிலிருந்து கழிக்க வேண்டும், உங்கள் 24.34 அப்போது 24.30. இடப்பக்கம் போய் 48-வது கோடு நேராக நின்றால் −0.04, கூட்ட வேண்டும். பொருளைத் தாடையின் நுனியில் பிடிக்காமல் உள்ளே, ஸ்கேலுக்கு அருகே வையுங்கள்; நுனியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் நகரும் தாடை லேசாகச் சாய்ந்து அளவு குறைந்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவில் செய்த கட்டை) இருந்தால் கேட்டு வாங்கி அளந்து பழகுங்கள், அளவு அதன் மேலேயே பொறித்திருக்கும், நீங்கள் படித்தது சரியா என்று உடனே தெரிந்துவிடும்.